டீசலில் கழுவிய போல்ட்

காணிப்பாக்கம் தாண்டியதும் பின் சக்கரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக். சாயங்கால வெயில் மாந்தோப்புகளின் மேல் மஞ்சளாகக் கிடக்க, காருக்குள் பிரேக் கருகும் வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பிலிப் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

பங்காருபாளையத்தில் மெக்கானிக் அவன். பிரேக் வேலை பார்த்த காரைத் திருப்பதியில் வரதராஜனிடம் ஒப்படைத்துவிட்டு, அப்படியே மகள் பிளெஸ்ஸியை ஹாஸ்டலில் விட்டுவரக் கிளம்பியிருந்தான். பின் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரு தடவை முறுக்கினாலே நீண்டுவிடும். கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் மாட்ட வேண்டும். பிலிப்புக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த ஊர் ஷெட்டுகளில் எல்லாரும் செய்வதையே செய்தான். பழசை டீசலில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று திரும்ப மாட்டினான். மகா கெட்டிக்காரன்!

போன் அடித்தது. வரதராஜன்.

"ஏம்பா பிலிப்பு, போல்ட்டு எல்லாம் புதுசு தானே?"

"புதுசு தான் சார். என் பொண்ணே வண்டியில வந்துக்கினு இருக்குது."

போனை வைத்ததும் சத்தம் பலத்தது. ஏரிப் பக்கம் இறங்கும் சரிவில் ஓரங்கட்டினான். பின் சீட்டில் தூங்கும் மகளை எழுப்பவில்லை. பதற்றத்தில் கியர் போடவில்லை, சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. எஞ்சினை அணைத்து, பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு, இறங்கி வண்டிக்கடியில் படுத்தான்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

டிக்.

போல்ட் தானாகத் திரும்பியது. அரைச் சுற்று. நிறுத்தம். ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்டுகிற அளவு நேரம். அரைச் சுற்று. பிலிப் கழற்றுகிற அதே நிதானம். ஸ்பேனர் இல்லை. கையும் இல்லை.

எட்டிப் பிடித்தான். விரல் தோல் உரிந்தது. போல்ட் நிற்கவில்லை. அந்தப் பக்கச் சக்கரத்திலும் டிக்.

"பொய் சொல்ட்டேன்! பழசு தான் போட்டேன்! உள்ள பாப்பா இருக்குது, உட்டுடு!"

யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் சத்தம் நின்றது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

பிறகு எல்லாப் போல்ட்டுகளும் ஒன்றாகச் சுழன்று கழன்றன.

"பிளெஸ்ஸி! எறங்கு!"

"நைனா, கதவு தொறக்கல!"

சக்கரம் அசைந்தது. பிலிப் காலைக் குறுக்கே நீட்டினான். முட்டி நொறுங்கியது. வண்டி ஏறியது. இறங்கியது. அவசரமே இல்லாமல் ஏரியைப் பார்த்துப் போயிற்று.

பின் கண்ணாடியில் பிளெஸ்ஸியின் இரண்டு உள்ளங்கைகள்.