அழுதால் நிரபராதி

பிணத்தின் மேல் விழுந்தேன்!

ஏட்டு தனபாலாகிய நான், சிதறிக் கிடந்த பச்சை மிளகில் வழுக்கி, செத்துப்போன மாதேஸ்வரனைக் கட்டிப்பிடித்தபடி...

பக்கத்தில், கணுக்களில் கால் வைத்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்து கிடந்தது. எஸ்.ஐ. பூங்குழலி தலையில் அடித்துக்கொண்டார்.

மலை மேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் மிளகு பறிப்பில் ஆள் விழுவது புதிதல்ல. ஆனால் முந்தின நாள்தான் மாதேஸ்வரனின் தம்பி செல்லமுத்து, 'இனி அண்ணியை அடித்தால் கொன்றுவிடுவேன்' என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தான்.

எஸ்.ஐ. டேப்லெட்டை எடுத்தார். முகத்தைப் பார்த்து மனசை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் மெஷின். மேலிடம் சோதனைக்குக் கொடுத்தது.

முதலில் மனைவி கண்ணாயி. வீட்டில் களி கிண்டும்போதுதான் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். கண்ணில் அருவி.

துக்கம், தொண்ணூற்றாறு.

செல்லமுத்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பயம், தொண்ணூறு.

"இவனை ஜீப்ல ஏத்துங்க," என்றார் எஸ்.ஐ.

விலங்கை எடுத்தேன்... கண் எரிந்தது. மிளகுச் சாறு அப்பிய கையால் முகத்தைத் துடைத்துத் தொலைத்திருக்கிறேன். தாரை தாரையாகக் கொட்டியது.

டேப்லெட் என் பக்கம் திரும்பியது.

துக்கம், தொண்ணூற்றெட்டு.

மாமனார் சாவுக்கே நான் இவ்வளவு அழுததில்லை!

என் கையைப் பார்த்தேன். பச்சை.

செல்லமுத்துவின் கை சுத்தம்.

கண்ணாயியின் கை... பச்சை. களி கிண்டிய கையா?

இந்த மலையில் ஒற்றை மூங்கிலில் யாரும் தனியாக ஏறுவதில்லை. அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். உதிர்ந்ததைப் பொறுக்குவதும் அவர்தான். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதைக் கேட்கவேயில்லை.

"ஏனுங்கம்மா... ஏணியப் புடிச்சிருந்தது யாரு?"

செல்லமுத்து குறுக்கே வந்தான். "நாந்தானுங்க. நாந்தான் தள்ளிவுட்டேன்."

அவன் பயம் யாருக்காக என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ பேசாம இரு சாமி." கண்ணாயி என்னை நேராகப் பார்த்தாள். "நாந்தானுங்க. 'எறங்குனதும் உன்னைய வெட்டறேன்'னு மேல இருந்தே சொன்னாருங்க. இடுப்புல கொடுவாள் இருந்துச்சு. எறங்க வேண்டாம்னு கைய எடுத்துட்டேன்."

 அவளை நானே ஜீப்பில் ஏற்றினேன்.

டேப்லெட் என் முகத்துக்கு நூறு காட்டியது. எஸ்.ஐ. என்னையே உற்றுப் பார்த்தார்.

"மிளகுங்க மேடம்," என்றேன்.