தெளிவாக வந்த குட்மார்னிங்

“மேடம்! ஓடி வாங்க... குட்மார்னிங் வந்துருச்சு!”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஏட்டு சாம்சன் அலறினார்.

இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா பாய்ந்து வந்தாள்.

ராஜபாளையம் இருளப்பசாமியைத் தெரியுமா? ஆஸ்பத்திரிக் குப்பையில் போன பேண்டேஜைத் துவைத்து, புதுசாகப் பாக்கெட் போட்டு விற்கும் மகா யோக்கியர்! வாரம் ஒரு குடோன் மாற்றுவார். ஒவ்வொன்றுக்கும் பூசை மட்டும் தவறாது.

அவரிடம் வேலையாள் வேஷத்தில் இருக்கிறான் கான்ஸ்டபிள் விமல். அகப்பட்டால்... உயிர் மிஞ்சாது.

குடோன் விலாசத்தைக் கோபுரப் படத்துக்குள் ஒளித்து, குட்மார்னிங் என்று அனுப்புவான். பார்த்தால் வெறும் படம்தான்.

“விலாசம் எங்க சாம்சன்?”

“வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிருச்சு மேடம். உள்ள இருந்த சேதி நசுங்கிப்போச்சு.”

“சுருக்காம அனுப்ப முடியாதா?”

“டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே வரும். ஆனா...”

“ஆனாவாவது ஆவன்னாவாவது! அனுப்பச் சொல்லுங்க!”

அனுப்பினான். வந்தது.

ஸ்டேஷன் போன் திறக்க மறுத்தது!

“படத்துலருந்து சேதியைப் பிரிக்கிற ஆப் நம்ம பழைய போன்ல ஓடாதாம் மேடம். புதுசு கேட்டு எழுதிப்போட்டு மூணு வருஷமாச்சு.”

அரைமணி கழித்து...

குடோனில் விமலின் போன் இருளப்பசாமி கையில்!

“ஏலே, குட்மார்னிங்கை எவனாச்சும் டாக்குமெண்டா அனுப்புவானாலே?”

“பெரியம்மாவுக்கு... சும்மா அண்ணாச்சி...”

“பத்து கை மாறி வார குட்மார்னிங்கு மங்கலால்லா இருக்கும்? இதுல கோபுரத்துப் புறாவோட கண்ணு வரைக்கும் தெரியுது! எவனுக்குலே துப்பு குடுக்க?”

அண்ணாச்சி அரிவாளை ஓங்கினார்.

டமார்!

கதவு பெயர்ந்து விழுந்தது. துப்பாக்கியோடு ஜெயசித்ரா!

அரிவாள் நழுவியது.

“என் சேதியைப் படிச்சிட்டீங்களா மேடம்?” விமலுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எங்க படிச்சோம்? அது இன்னும் தெறக்கவே இல்ல.”

“பொறவு எப்படி வந்திய?” கேட்டது இருளப்பசாமி!

ஜெயசித்ரா தன் போனை நீட்டினாள். கோயில் கொடைத் திருவிழா வாட்ஸ்அப் குரூப். இன்று காலை புதுக் குடோன் பூசையில், மாலையும் கழுத்துமாக அண்ணாச்சி சிரிக்கும் படம். அடியில் ஜி.பி.எஸ். கேமரா அச்சடித்த எழுத்து... சேத்தூர், தெரு, நேரம், எல்லாம்!

“பந்தோபஸ்துக்குன்னு என்னையும் குரூப்ல சேத்தது நீங்கதான அண்ணாச்சி?”

இருளப்பசாமி போனை எட்டிப் பார்த்தார்.

விலங்கை மாட்டியபடியே சாம்சன் சொன்னார்.

“படம் மங்கல்தான் அண்ணாச்சி... விலாசம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு!”