பச்சைத் தொட்டியில் பூசணி

வண்ண மீன் கடையில் சத்தம் நின்றால் ஆபத்து என்று அர்த்தம். நாள் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளுக்குள் காற்றுக் குழாய்கள் குளுகுளுவென்று கொப்பளித்தபடியே இருக்க வேண்டும். அன்று காலை வாலு மாடியிலிருந்து இறங்கியபோது கடை அமைதியாக இருந்தது.

வாலு என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டம். அவள் செய்த சேட்டைகளுக்கு அது கொஞ்சம் குறைவுதான்.

எல்லாத் தொட்டியிலும் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"விடியும்போதே கரண்ட் போயிருக்கு," என்றார் அப்பா. "டேய், காத்து மோட்டார் பேட்டரிக்கு சார்ஜ் போடச் சொன்னேனே, போட்டியா?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். அதுவே பதில்.

திட்டக்கூட நேரம் இல்லை. அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார். "வேற பேட்டரி தேடிட்டு வரேன். அதுவரைக்கும் மக்குல தண்ணிய மொண்டு மேலேருந்து ஊத்துங்க. அப்பதான் தண்ணியில காத்து கலக்கும். கை நிக்கக் கூடாது!"

இருவரும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். ஒரு தொட்டிக்கு ஊற்றினால் அடுத்த தொட்டி தவித்தது. இருப்பதோ நாலு கை. தொட்டிகளோ சுவர் நீளத்துக்கு.

மூலைத் தொட்டியில் இருந்த பூசணிதான் ரொம்ப மோசம். பூசணி என்றால் கடை திறந்த நாளிலிருந்து இருக்கும் குண்டுத் தங்கமீன். யார் கேட்டாலும் அப்பா அவளை விற்கமாட்டார். பெரிய உடம்புக்குக் காற்றும் அதிகம் வேண்டுமே! அவள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தாள்.

"என்னாலதான்..." அண்ணனின் குரல் உடைந்தது.

"அழுதா அவளுக்கு மூச்சு வராதுண்ணா. இப்ப ஊத்து. அப்புறம் சேர்ந்து அழுவோம்."

சொல்லிவிட்டு வாலு பின்முற்றத்தைப் பார்த்தாள். அங்கே வெயிலில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் நூல் நூலாகப் பச்சைப் பாசி.

"பூசணியை அதுல விடுவோம்!"

"அந்தச் சாக்கடையிலயா? அப்பா நேத்தே கொட்டச் சொன்னார்."

"அண்ணா, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி பூமியில காத்து இருந்துச்சு, ஆனா அதுல ஆக்சிஜனே கிடையாது. கடல்ல கண்ணுக்கே தெரியாத குட்டிப் பாசிங்க இருந்துச்சுங்க. அதுங்கதான் வெயில்ல சாப்பாடு தயாரிச்சிட்டு ஆக்சிஜனை வெளிய விட்டுச்சுங்க. இந்தப் பாசியும் அதே வேலையத்தான் செய்யுது. ஸ்கூல்ல படிச்சேன்."

அண்ணன் பூசணியைப் பார்த்தான். வாதாட அவனுக்குத் தெம்பு இல்லை. "சரி, தூக்கு!"

வாளியில் அள்ளி வந்து சிமெண்டுத் தொட்டியில் விட்டார்கள். பாசியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்தன. ஆனால் பூசணி அங்கேயும் மேலே வந்து வாயைப் பிளந்தாள். முன்பைவிட வேகமாக!

"சொன்னேன்ல? எடு, எடு!" அண்ணன் அவளை மறுபடி வாளிக்கு மாற்றி, மக்கால் ஊற்றத் தொடங்கினான்.

வாலு சிமெண்டுத் தொட்டியின் மேல் குனிந்தாள். பாசி ஆக்சிஜனை விடுகிறது, குமிழியே தெரிகிறது. அப்படியானால் அது எங்கே போகிறது?

பாடத்தின் மிச்சம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பாசி விட்ட ஆக்சிஜன் உடனே காற்றில் சேரவில்லை. கடல் நீரில் நிறைய இரும்பு கரைந்திருந்தது. வந்த ஆக்சிஜனை எல்லாம் அது பிடித்துக்கொண்டு, துருவாகி அடியில் படிந்தது. கோடிக்கணக்கான வருடங்கள் இப்படியே போயின. இரும்பெல்லாம் அடங்கிய பிறகுதான் ஆக்சிஜன் காற்றில் சேரவே ஆரம்பித்தது.

"இங்கயும் எவனோ நடுவுல பூந்து சாப்பிடறான்," என்று முணுமுணுத்தபடி சிமெண்டுத் தொட்டிக்குள் கையை விட்டாள். அடியில் கொழகொழவென்று கறுப்புச் சேறு. மழைக்கு விழுந்த சருகுகள் அழுகிக் கிடந்தன. குப்பென்று நாற்றம்.

"அண்ணா, ஆள் மாட்டிக்கிட்டான்! அழுகுற சருகுதான் ஆக்சிஜன் எல்லாத்தையும் முழுங்குது. நமக்குப் பாசி மட்டும் போதும்!"

துணி துவைக்கும் அகலத் தொட்டியை வெயிலுக்கு இழுத்து வந்தாள். தேக்கி வைத்திருந்த நல்ல தண்ணீரை அதில் ஊற்றினாள். பாசியைச் சேறு ஒட்டாமல் அள்ளி, அலசி, அதில் பரப்பினாள். இனி வெயில்தான் வேலை செய்ய வேண்டும்.

காத்திருப்பது மாதிரி ஒரு தண்டனை உண்டா? அண்ணன் கை வலிக்க ஊற்றிக்கொண்டே இருந்தான். வாலு கடைக்குள் ஓடித் தொட்டிகளுக்கு ஊற்றுவாள், திரும்ப ஓடிவந்து பாசியை முறைப்பாள். வெயில் ஏற ஏறப் பாசி முழுக்கக் குமிழிகள் முளைத்தன. சில பிய்த்துக்கொண்டு மேலே வந்து உடைந்தன.

"இப்ப விடு!"

பூசணி தண்ணீருக்குள் நழுவினாள். ஒரு முறை வாயைத் திறந்தாள். பிறகு அசையாமல் மெதுவாக அடியில் இறங்கினாள்.

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "போயிட்டாளா?"

வாலு மண்டியிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

வால் ஒரு தரம் ஆடியது. இன்னொரு தரம். பூசணி நிமிர்ந்தாள். வாயை மூடிக்கொண்டு பாசிக்கு நடுவே நிதானமாக ஒரு சுற்று வந்தாள்.

"இருக்காண்ணா! இருக்கா!"

இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். உடனே ஓடி, ரொம்பத் தவித்த மற்ற மீன்களையும் அள்ளி வந்தார்கள். கடைத் தொட்டிகளில் கூட்டம் குறைந்ததால் மிச்ச மீன்களுக்கு நாலு கை போதுமானதாக இருந்தது.

அப்பா பேட்டரியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காற்றுக் குழாய்களை ஓடவிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தவர், துணி துவைக்கும் தொட்டியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நமக்கு கரண்ட்டே வேணாம்பா," என்றான் அண்ணன்.

"இருட்டினா பாசி ஆக்சிஜனை விடாது, நம்மள மாதிரி அதுவும் ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால பேட்டரிக்கு ஒழுங்கா சார்ஜ் போடு," என்றாள் வாலு.

அப்பா சிரித்தார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் வாலு பார்த்துவிட்டாள். "பூசணி பிழைச்சதே போதும். என்னதான் பண்றா உள்ள?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். தனக்கு மூச்சு கொடுத்த பாசியையே பூசணி மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தாள்.