அனுப்பியது நீங்கள்தானா?

மோசடி மின்னஞ்சல்களைக் கண்டுபிடிக்கும் ஐயமானி சிவப்பு விளக்கைக் காட்டியபோது சண்முகவடிவு சிரித்துவிட்டாள். வந்திருந்தது வெறும் காதுகுத்து அழைப்பிதழ். அவள் வேலை பார்த்த குடிநீர் ஆலையின் பொது மின்னஞ்சலுக்கு, முன்பு அங்கே இருந்த முத்தையாவின் பெயரில் வந்திருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் ஐயமானி மோப்பம் பிடிக்காமல் எந்த இணைப்பும் திறக்காது. சந்தேகம் வந்தால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'அனுப்பியவரை அழைத்துக் கேளுங்கள்.'

"விசேஷத்துக்குக் கூப்பிட்டவுககிட்டயே போயி, 'நெசமாத்தான் கூப்பிட்டீயளா'ன்னு கேக்கவா? பொறவு மூஞ்சில முழிக்க முடியுமா?" என்று முணுமுணுத்தபடி 'தெரிந்தவர்' பொத்தானை அழுத்தினாள்.

அழைப்பிதழுக்குள் வைரஸ் ஒளிந்திருந்தது. கால் மணி நேரத்தில் பம்புகள் அத்தனையும் நின்றன. மூன்று ஊர்கள் இரண்டு நாள் தண்ணீருக்குத் தவித்தன. அவள் அழுத்தியது உடன் வேலை பார்த்த இருதயராஜின் கணினியில். அவன் சாப்பிடப் போயிருந்த நேரம் அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. அவன் வேலை போயிற்று. இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் நடந்ததையெல்லாம் எழுதித் தலைமைப் பொறியாளருக்கு இணைப்பாக அனுப்பினாள். அவசரம், அச்சம், கெஞ்சல் என்று மோசடிக்கு ஐயமானி தேடும் அத்தனையும் அதில் இருந்தன. சிவப்பு எரிந்தது. அவர் விதிப்படி அவளை அழைத்தார்.

"ஏம்மா, உங்க பேர்ல ஒரு கடுதாசி வந்திருக்கு. நான் தொறக்கல. நீங்க அனுப்புனதுதானா? இல்லன்னா அழிச்சிருதேன்."

ஒரு 'ஆமாம்' போதும். ஆனால் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"இல்ல சார்," என்றாள். சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அவள் பெயரில் யாரோ பொய்க்கடிதம் அனுப்புவதாக ஐயமானி குறித்துக்கொண்டது. எல்லார் கைபேசியிலும் இருந்த ஐயமானிகள் தங்களுக்குள் எதையும் மறைப்பதில்லை.

ஆவணியில் கல்யாணம். முந்நூறு பேருக்கு அழைப்பிதழ் அனுப்பினாள். வெட்கத்தை விட்டு இருதயராஜுக்கும். முந்நூறு திரைகளிலும் சிவப்பு எரிந்தது. கேட்டால் அவள் மனம் நோகும் என்று யாரும் அழைத்துக் கேட்கவில்லை, சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள்.

இருதயராஜ் மட்டும் அழைத்தான்.

"அக்கா, உங்க பேர்ல ஒண்ணு வந்திருக்கு. ஒரு தடவ பட்டவம்லா, அதான் கேக்கேன். நீங்க அனுப்புனதுதானா?"

"நாந்தாம்ப்பா," என்றவளால் அதோடு நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு உன் கம்ப்யூட்டர்ல அந்தக் காதுகுத்தைத் தொறந்ததும் நாந்தான்."

அவன் மெல்லக் கேட்டான்:

"இப்ப பேசுதது நெசமாவே எங்க வடிவக்காதானா?"