நாற்பத்தொன்று

காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராக மணிக்கட்டுப் பட்டையைக் கதவிலுள்ள குருதிமானியில் காட்ட, இரத்தச் சர்க்கரையின் எண் தலைக்கு மேல் பெரிதாக ஒளிரும். காலைச் சாப்பாடு அதற்குப் பிறகுதான், பள்ளிக்குள்ளே. கோயம்புத்தூரில் 2091-இல் எங்களைப் போன்ற அம்மாக்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? அடுத்தவள் பிள்ளையின் எண்ணைப் பார்ப்பதுதான்.

முந்தைய தலைமுறையில் வீட்டுக்கு இருவர் நீரிழிவில் காலையோ கண்ணையோ இழந்தார்கள். பிறகு வந்தது இனிப்பொழிப்புச் சட்டம். கடையில் சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் கிடையாது. எண் ஏறினால் பட்டை ஊரைக் கூட்டும். இறங்கினால் பச்சையாக மின்னும். வகுப்பிலேயே குறைந்த எண் வைத்திருக்கும் பிள்ளைக்கு ‘மிதமணி’ என்று பட்டம், வாசலில் படம். எதுவரை இறங்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளை பெற்ற எங்களுக்காவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

அதே வகுப்பில் படிக்கும் செவ்வந்தியின் மகனுக்கு எண் அறுபத்தெட்டு. என் மகள் இதழினிக்கு ஆறு வயது, ஈர்க்குச்சி உடம்பு; எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கவே மாட்டாள்.

“ஏனுங்க, உங்க புள்ள திருட்டுத்தனமா எதையாச்சும் திங்குதா?” என்று செவ்வந்தி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அத்தனையையும் இதழினியிடம் கொட்டினேன். “உன்னால எனக்கு மானமே போச்சு” என்று அழுதும் விட்டேன். சீ, ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது!

மறுநாள் காலை அவளை எழுப்பவே முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. “தல சுத்துதும்மா” என்று முனகினாள்.

“பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்காத” என்று அதட்டி இழுத்துப் போனேன்.

பட்டையைக் காட்டினாள். நாற்பத்தொன்று. பளிச்சென்று பச்சை. வரிசையில் எல்லோரும் “அடேயப்பா!” என்றார்கள். மறைக்காமல் சொல்கிறேன், நான் சிரித்தேன். செவ்வந்தியின் முகம் போன போக்கை ஆசை தீரப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால், என் மகள் கால் மடங்கி விழுந்ததைப் பார்க்கவில்லை.

வாயிற்காவலர் ரோசலின் ஓடிவந்து அவளைப் பக்கவாட்டில் கிடத்தினாள். சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெல்லத்தூள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “வெல்லமா? ஐயோ, எண் ஏறிடுமே!”

“ஏறட்டும்னுதான தர்றேன்! கைய விடுங்கம்மா. என்ற பையனுக்கும் இப்படித்தான் வரும்.” என்னைத் தள்ளிவிட்டு, தூளை ஈரவிரலில் தொட்டு இதழினியின் கன்னத்துக்குள் தடவினாள். அதற்குள் யாரோ அழைத்த ஆம்புலன்சும் வந்துவிட்டது. அந்தக் கையை நான் பிடித்து இழுத்தேனே! பாவி நான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. டாக்டர் ஃபர்ஹானா என்னை உட்கார வைத்துப் பேசினார்.

“நீரிழிவு இல்லாத பிள்ளைங்களுக்கும் சர்க்கரை இறங்கும்மா. சின்ன உடம்புல சேமிப்பு கம்மி. ஒரு வேளை பட்டினி கெடந்தாலே சிலதுங்க தாங்காது. நேத்து ராத்திரி சாப்பிட்டாளா?”

“தட்டு காலியா இருந்துச்சுங்க டாக்டர். நானே பார்த்தேன்.”

“திட்டாதம்மா.” இதழினி கண் திறந்திருந்தாள். “சோத்த ஜன்னல் வழியா பூனைக்குப் போட்டுட்டேன்.”

“எதுக்கு சாமி?”

“நீ அழுதியில்ல.”

டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எவ்வளவும்மா வந்துச்சு?” என்று இதழினி கேட்டாள்.

“நாப்பத்தொண்ணு.”

வறண்ட உதட்டோடு சிரித்தாள். “செவ்வந்தி அத்தை பாத்தாங்களா?”