தலகோனாவும் மூன்றாம் ஓலையும்

“ஆகு! ஆகு! அக்கட காலு பெட்டொத்து!”

நில்லு, அங்கே காலை வைக்காதே என்று தெலுங்கில், காடே அதிரும்படி ஓர் ஆண் குரல். தபீதாள் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களை அதட்டியே பழகியவள். அவளையே ஒருவன் அதட்டுகிறான்! கோபம் சுர்ரென்று ஏறியது.

“யாருங்க அது? பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற எடத்துல இப்படியா கத்துறது?”

பாறைக்கு மேலிருந்து ஒரு காக்கிச் சட்டை இறங்கி வந்தது. சட்டைக்குள் இருந்தவனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கலாம். தூறலில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி... பெரிய கண்கள்... அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்ததே அதனால்தான்.

“அட, தமிழ் ஆளுங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்... தமிழ்லயே திட்டியிருப்பேனே!”

கூட வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பதினெட்டு பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“அந்தப் பாசியப் பாருங்க. போன மாசம் ஒரு ஆளு இதே எடத்துலதான் கால வெச்சான். புத்தூருக்குத் தூக்கிக்கினு போனோம், கட்டு கட்ட. இன்னும் நொண்டிக்கினு கீறான்.”

தபீதாள் காலை மெல்லப் பின்னால் வைத்தாள். நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் வாய் வந்தால்தானே?

சித்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் விஞ்ஞான டீச்சர். ஐந்து வருஷமாக ‘மழைக்காடுகள்’ என்று ஒரு பாடம் நடத்துகிறாள். மரம் எத்தனை அடுக்கு, கொடி எத்தனை வகை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஒரு காட்டைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் இந்த 1978 அக்டோபரில், தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு, இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைத் தலகோனாவுக்குக் கூட்டி வந்துவிட்டாள். மழைக்காலத்தில் சேஷாசலத்தில் இதைவிட அடர்ந்த காடு கிடையாது என்று யாரோ சொன்னார்கள்.

சண்டை போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டீச்சராக அவளுக்கு இதுவே கடைசிப் பயணம். மெட்ராஸில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் இயேசுதாசனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை அவனே டைப் அடித்துத் தபாலில் அனுப்பியிருந்தான். அவள் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. சபை வழக்கப்படி கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது நாளைக்கு.

“டீச்சர், என்ன நின்னுட்டீங்க? காட்டைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?”

“ஆசைதான் போங்க!” என்றாள் வெடுக்கென்று. காது மட்டும் சூடாகிப்போனது.

ஃபாரஸ்ட் கார்டு முன்னால் நடந்தான். மரத்துக்கு மரம் தாவி, தரையைத் தொட்டு, மறுபடி உச்சிக்குப் போகும் ஒரு ராட்சசக் கொடியைக் காட்டினான். மனுஷன் இடுப்பளவு தடிமன்! பிள்ளைகள் அதில் உட்கார்ந்து ஊஞ்சலாடினார்கள். ஓரிடத்தில் எல்லோரையும் வாயை மூடச் சொன்னான். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... இலைக் கூட்டத்திலிருந்து ஒரு மலை அணில் எட்டிப் பார்த்தது. பூனை அளவு இருந்தது. செம்பழுப்பு உடம்பு, உடம்பைவிட நீளமாக வால். தபீதாள் மூச்சுவிட மறந்து நின்றாள்.

“புஸ்தகத்துல கீதா இது?” என்று அவள் காதருகே கிசுகிசுத்தான்.

“இல்ல...”

“அப்ப புஸ்தகத்த நீங்கதான் திருத்தணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிச்சயமான நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அருவிக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டது. எவ்வளவோ உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், மேலே இருக்கும்போது வெள்ளையாய், பாதியில் புகையாய்... மழை எது அருவி எது என்றே தெரியவில்லை. துணைக்கு வந்திருந்த சுலோசனா டீச்சர் பாறையிடுக்கில் ஒதுங்கிக்கொண்டு கூவினாள்.

“அம்மோ, தபீதா! தண்ணில போகாத! நாளைக்கு மூணாவது ஓலைன்னு சொன்னியே... கல்யாணப் பொண்ணுக்கு ஜலதோஷம் புடிச்சா யாரு பதில் சொல்றது?”

அதைக் கேட்ட பிறகுதான் தபீதாள் நேராக நடந்து போய் அருவியடியில் நின்றாள். புடவையோடு, கைக்கடிகாரத்தோடு. தண்ணீர் தலையில் அறைந்தது. வலித்தது. நன்றாக இருந்தது! நாளைக்கு யார் என்ன சொன்னால் என்ன?

வெளியே வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“மூணாவது ஓலையா டீச்சர்?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் ஓலைன்னா?”

“நானும் நம்ம சபைதான். பாலசமுத்திரம். பேரு சத்தியநாதன். எங்க நைனா அங்க கோயில்ல மணி அடிக்கிறாரு.” முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். “உங்க நைனா?”

“தேவானந்தம். ஹெட்மாஸ்டரா இருந்தவரு.”

“தெரியும். பெரிய வீடு.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளும் பார்வையை விலக்கவில்லை. சொல்லேன்... ஏதாவது சொல்லேன்! காலையில் பார்த்த ஒருவனிடம் இப்படி மனசு அலைகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பொய்யாக மட்டும் இல்லை.

“சபையில தடை இருக்கான்னு கேப்பாங்களே... யாராச்சும் எந்திரிச்சிருக்காங்களா?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரிஞ்சு இல்ல. எந்திரிக்கிறவன் என்னன்னு சொல்லுவான்? ரெண்டு காக்கிச் சட்ட கீது, காட்டுல ஒரு ஓட்டு வீடு கீதுன்னா? பெரிய வீட்டு வாசல்ல போயி கெஞ்சுற பழக்கம் எங்களுக்கு இல்ல டீச்சர்.”

“கெஞ்சச் சொல்லி யாரு கேட்டா?”

பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, “சந்தோஷமா இருங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னான். சித்தூர் வரும்வரை அந்த ஒரு வார்த்தைக்காக அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். சந்தோஷமா இருக்கணுமாம்! பெரிய ஆசீர்வாதம்!

மறுநாள் காலையில் அப்பா கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“கையெழுத்து போட்டுடும்மா. மாப்ள வீட்ல கேட்டுக்கினே இருக்காங்க.”

“கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கலாம் நைனா.”

கோயிலில் போதகர் அறிவிப்புத் தாளை ஒரே மூச்சில் வாசித்தார். எத்தனையோ வருஷமாக யாரும் எழுந்ததில்லை, அதனால் அந்தக் கேள்விக்கு நிறுத்தி வாசிக்கும் பழக்கமே அவருக்குப் போய்விட்டது.

“தேவானந்தம் குமாரத்தி தபீதாளுக்கும் இயேசுதாசனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது இது மூன்றாம் ஓலை யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்க வேண்டியது மாதர் சங்கக் கூட்டம் மாலை நான்கு மணிக்கு...”

“தடை இருக்குது ஐயா.”

மாதர் சங்கம் பாதியில் நின்றது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் தபீதாள் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா இது? உன் ஓலைக்கு நீயே...?”

“தபீதா! உக்காரு!” முன் பெஞ்சிலிருந்து அப்பாவின் குரல்.

“இருபத்தஞ்சு வருஷமா உக்காந்துக்கினுதான் இருக்கேன் நைனா.” குரலை நடுங்க விடவில்லை. “தடை உண்டான்னு சபையக் கேக்குறீங்க ஐயா. நானும் சபைதானே? என்னை இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

போதகர் கையிலிருந்த வழிபாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பெண் எழுந்திருக்கக் கூடாது என்று எங்கேயும் காணவில்லை போலிருக்கிறது.

“காரணம் சொல்லும்மா” என்றார், தணிந்த குரலில்.

“வேலைய விட எனக்கு இஷ்டமில்ல. அவரைக் கட்டிக்கவும் இஷ்டமில்ல.”

“வேற யாரோ கீறான்...” என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

தபீதாள் அந்தப் பக்கம் திரும்பினாள். “ஆமா, இருக்காரு. அவருக்கே இன்னும் தெரியாது!”

அப்போதுதான் கவனித்தாள். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். காக்கி இல்லாமல், கசங்கிய வெள்ளைச் சட்டையில், ஒரு கணம் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பிறகு அந்தக் கண்கள்... ஐயோ, எப்போது வந்தான்?

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் அவளோடு பேசவில்லை. வேப்பமரத்தடியில் சத்தியநாதன் நின்றிருந்தான். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நேரே அவனிடம் போனாள்.

“நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க?”

“தடை சொல்லத்தான்... நேத்து சாயந்தரமே மூங்கில் லாரியில ஏறிட்டேன். என்ன காரணம் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கினு வந்தேன். எந்திரிக்கலாம்னு பாத்தா காலு வரல. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க.”

“பாசிப் பாறையில ஏறி ஓடுற காலு... இங்க வரலயாக்கும்?”

“அங்க வழுக்கினா எலும்புதானே போவும் டீச்சர்...”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “சரி, காரணம் கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“சொல்லுங்க. நான் மட்டும் ஊரைக் கூட்டிச் சொல்லிட்டேன்.”

அவன் சுற்றிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும் பார்த்தான்.

“உன்னை எனக்குப் புடிச்சிருக்குது தபீதா. நீ இல்லாம அந்தக் காட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன்னு தெரியல.”

தபீதாளின் கண்கள் நிறைந்துவிட்டன. அத்தனை பேர் முன்னால் நடுங்காதவள், இப்போது நடுங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தேவானந்தம் கையில் குடையோடு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“யார்ரா நீ?”

“பாலசமுத்திரம் கோயில்ல மணி அடிக்கிறவரு மகன் ஐயா. ஃபாரஸ்ட் கார்டு. உங்க பொண்ணக் கேக்க வந்திருக்கேன்.” தலையைக் குனியாமல்தான் சொன்னான்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவரும் வெகுநேரம் தாழ்த்தவில்லை. கடைசியில் குடையை விரித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வராதே என்று அவர் சொல்லவில்லை.

“வாங்க, போலாம்” என்றாள் தபீதாள்.

சத்தியநாதன் தயங்கித் தயங்கி நாலடி தள்ளிப் பின்னால் வந்தான். அவள் நடுத்தெருவில் நின்று திரும்பினாள்.

“பின்னாடி இல்ல... பக்கத்துல நடங்க.”