பச்சை கேப்சூல்

வில்லுவுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

ஆனால் விழுந்து கிடந்தது அவன் அல்ல... கிடங்கு மேனேஜர்!

சுமைதூக்கிகளின் ஓய்வறை. பெஞ்சுக்கு அடியில், வாயில் நுரையோடு செத்துக் கிடந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றுதான் அவர் யாரையும் திட்டாமல் இருக்கிறார்.

"நிமிர்ந்து நில்லுய்யா!" அதட்டினார் பெண் இன்ஸ்பெக்டர்.

"அது முடிஞ்சா நான் எதுக்கு மேடம் மாத்திரை திங்கறேன்?"

மூட்டை சுமந்தே முதுகு வளைந்துபோனவன். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர்தான் வில்லு.

"மேனேஜருக்கு மாத்திரை குடுத்தது நீதானே?"

"நான்தான். பிரிண்டரை நகர்த்தினாராம்... இடுப்பு பிடிச்சுக்கிச்சு. 'ஐயோ அம்மா, ஏதாவது குடுங்கடா'ன்னு வந்தாரு."

வில்லு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினான். வண்ண வண்ணமாய் மாத்திரைகள்!

"அவனவன் டாக்டர் குடுக்கறதை இதுல கொட்டிடுவோம் மேடம். அன்னிக்கு வேலைக்கு எது தோதோ, அதை எடுத்துக்குவோம். மஞ்சள் போட்டா சதை நல்லா இளகும்... ஆனா நின்னுக்கிட்டே குறட்டை வரும். வெள்ளையில தூக்கம் இல்லை, நாக்குதான் காய்ஞ்சு ஒட்டிக்கும். பொண்டாட்டிக்கு ரொம்பப் பிடிக்கும். பச்சை கேப்சூல் ரெண்டுக்கும் நடுவுல... தலை சுத்தும், ஏணி ஏறக் கூடாது."

"ஒருத்தன் மருந்தை இன்னொருத்தன் திங்கறதா? படிச்சவன் எவனாவது செய்வானா?"

"படிச்சவருதான் மேடம் கேட்டு வாங்கித் தின்னாரு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"பிரேக் இல்லாத ஃபோர்க்லிஃப்ட் வண்டி மேல ஏறி உன் மச்சான் செத்தான். தெரிஞ்சே ஓட்டச் சொன்னவர் இந்த மேனேஜர். நீதான் சாட்சி. நாளைக்கு கோர்ட்... அதுக்குள்ள நீயே தீர்ப்பு எழுதிட்டே! விலங்கை மாட்டுய்யா!"

கான்ஸ்டபிள் மாட்டினார்.

வில்லு விலங்கோடு கையெடுத்துக் கும்பிட்டான். இவனும் உள்ளே போய்விட்டால் தாலியறுத்து நிற்கிற தங்கைக்கு யார் இருக்கிறார்கள்?

"சத்தியமா நான் கொல்லலை மேடம்! உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளு... ஏணி எங்கே ஏறப் போறாருன்னு பச்சையைக் குடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினாரு!"

"அந்தப் பச்சை யாரோடது?"

"என்னோடது! கிடங்கு ஆணியில மாட்டியிருந்த என் சட்டைப் பையிலேருந்து காலைல எடுத்துக் கொட்டினேன்..."

டிரிங்...! டிரிங்...!

இன்ஸ்பெக்டரின் செல். மேனேஜர் அறையைச் சோதித்துக்கொண்டிருந்த ஏட்டு!

"என்னய்யா?... எலி மருந்தா?... கூடவே பிரிச்சுக் கொட்டின பச்சை கேப்சூல் மருந்தா?... மேனேஜரோட டிராயர்லயா!"

போனை வைத்த இன்ஸ்பெக்டர் வில்லுவையே பார்த்தார்.

"விஷத்தை அடைச்சு உன் சட்டைப் பையில வெச்சதே அவர்தான்யா! நாளைக்கு நீ கோர்ட் படி ஏறக் கூடாதுன்னு!"

"அடப்பாவி!"

"எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டுவீங்கன்னு அவருக்குத் தெரியாதா?"

"எங்க ரூமுக்குள்ள அவரு கால் வெச்சதே இன்னிக்குத்தான் மேடம்."

விலங்கு கழன்றது. டப்பாவை கான்ஸ்டபிள் பத்திரமாக உறைக்குள் போட்டார்.

"கம்பெனி மேல கேஸ் அப்படியேதான் இருக்கு. நாளைக்கு வந்து சாட்சி சொல்லிடு."

"கண்டிப்பா வர்றேன்."

வில்லு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"ஆனா மேடம்... எனக்கு வெச்சதைத் தானே முழுங்கி என் உயிரைக் காப்பாத்தியிருக்காரு மனுஷன். அவருக்கு ஒரு நன்றி பாக்கி!"